இடது பக்க முதல் பலகை

என் வீட்டு முன்னறையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு லாரிப் பலகையைச் சாத்தி வைத்திருக்கிறேன். என் தோள் உயரம் இருக்கும். நல்ல வேங்கை மரம். பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்துவிட்டது. நடுவில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்டே இல்லாமல், எண்ணெய் தேய்த்ததுபோல வழுவழுவென்று இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களில் மரம் தெரிந்தவர் யாராவது இருந்தால் கை சும்மா இராது. விரலை மடக்கித் தட்டிப் பார்க்கப் போவார். "தட்டாதீங்க" என்று நான் சொல்கிற வேகத்தில் கையை இழுத்துக்கொள்வார். உள்ளே யாராவது தூங்குகிறார்களா என்று ஒரு நண்பர் கேலி செய்தார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். இத்தனைக்கும் என் பிழைப்பே தட்டிப் பார்ப்பதுதான்.

ராஜபாளையத்தில் லாரிகளுக்கு மதிப்புப் போடுவது என் தொழில். பைனான்ஸ்காரர்கள் கடன் கொடுக்கும் முன்பும், வண்டி எங்காவது மோதிய பின்பும், அது இன்றைக்கு என்ன பெறும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பேன். சட்டைப் பையில் ஒரு காந்தம் எப்போதும் கிடக்கும். நசுங்கின தகரத்தில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. காந்தம் ஏமாந்தாலும் என் காது ஏமாறாது; விரல் முட்டியால் தட்டினால் நல்ல தகரம் ஒரு மாதிரி பேசும், ஒட்டுப் போட்டது வேறு மாதிரி பேசும். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்த வயது அது. அந்தப் பீற்றலோடுதான் பெரியப்பாவின் லாரியையும் போய்த் தட்டினேன்.

பெரியப்பா மம்சாபுரத்தில் இருந்தார். அவருடையது மூக்கு லாரி. இன்ஜின் முன்னால் மூக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல். அதை வாங்கியபோதே அதற்கு வயது கூடுதல். கேபின் முழுக்க மரம், சீட்டில் தேங்காய் நார், நெற்றியில் 'பெருமாள் துணை' என்ற எழுத்து. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு; அந்தப் பெருமாள் மலையடிவாரத்தில் பூஜை போட்டுத்தான் முதல் லோடு ஏற்றினார். பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டு மில்லுக்கும் மில்லுக்கும் ஓடுவார். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் கிடையாது. தாயில்லாத தன் தம்பியைத்தான் பெரியம்மா இடுப்பில் தூக்கி வளர்த்து ஆளாக்கினாள். வளர்ந்ததும் அந்தத் தம்பியே லாரிக்குக் கிளீனராகப் போனார். எனக்கு அவர் மாமா முறை. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். சிரித்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் சிரிப்பு ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் காலத்து வண்டிகளில் டிரைவருக்குப் பின்னால் நடப்பது ஒன்றும் தெரியாது. பொதிகள் மறைத்துக்கொண்டிருக்கும், இன்ஜின் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் கிளீனருக்கும் டிரைவருக்கும் நடுவே பேச்சு என்பது பலகையில் தட்டுவதுதான். இடது பக்கம், கேபினை ஒட்டிய முதல் பலகையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் நில்; இரண்டு தட்டினால் கிளம்பு. பஸ் கண்டக்டரின் விசிலுக்கும் அதே கணக்குத்தான். இன்னொன்று, அந்த லாரிகளின் கைப் பிரேக் பேருக்குத்தான் இருக்கும். மேட்டில் நிறுத்தினால் பின் சக்கரத்துக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பார்கள். கிளம்பும்போது டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, கிளீனர் கட்டையை உருவிவிட்டு வந்து இரண்டு தட்டுத் தட்டுவார். அதைக் கேட்ட பிறகுதான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார்.

பெரியப்பாவின் வீட்டு வாசல், மெயின்ரோட்டை நோக்கி ஏறுகிற மேடு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, லாரி அந்த மேட்டில் மூக்கை மெயின்ரோட்டைப் பார்த்து நீட்டி, லோடோடு நின்றது. மாமா பின் சக்கரத்தடியில் குனிந்து கட்டையை உருவிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வருவதற்குள் பெரியப்பா பிரேக்கை விட்டுவிட்டார். வண்டி ஒரு முழம்தான் பின்னால் வந்தது. அந்த ஒரு முழம் போதுமானதாக இருந்தது. நான் அப்போது மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். சாவு வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தேன். கிளீனர் சொல்வதற்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டான் என்று ஊர் பேசியது. "அவசரப்பட்டுட்டேன்" என்று பெரியப்பாவும் போலீஸிடம் சொன்னார், பஞ்சாயத்தில் சொன்னார், பெரியம்மாவின் சொந்தக்காரர்கள் சட்டையைப் பிடித்து உலுக்கியபோதும் அதையே சொன்னார். பெரியம்மா மட்டும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கு நடந்து ஓய்ந்தது. அதன்பிறகு அவர் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை.

ஆளைத் தின்ற வண்டியை எங்கள் பக்கத்தில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நெற்றியில் இருக்கும் பெயரை அழித்து, வெளிமாவட்டத்துக்காரனுக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பெரியப்பா விற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு அதற்குள் கொண்டுபோய் விட்டார். பெரியம்மா துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போக வேண்டும். இவர்கள் எப்படி இதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்கிறார்கள் என்று என் அம்மா அடிக்கடி கேட்பாள். எனக்கும் அது புரியவில்லை.

வேறு சில விஷயங்களும் புரியவில்லை. பெரியப்பா பஸ்ஸில் ஏற மாட்டார். மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு வெயிலென்றும் மழையென்றும் பாராமல் சைக்கிளில்தான் வருவார். கேட்டால் கால் மரத்துப்போய்விடும் என்பார். அவர் வீட்டுக் கதவில் ஒரு மாட்டு மணியைக் கயிற்றோடு கட்டித் தொங்கவிட்டிருந்தாள் பெரியம்மா. வருகிறவர்கள் கயிற்றை இழுக்க வேண்டும். தெரியாமல் யாராவது கதவைத் தட்டிவிட்டால், சாந்தமே உருவான அந்த மனுஷி உள்ளேயிருந்து சீறிக்கொண்டு வருவாள். வயதாக ஆக ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு என்று நாங்கள் வீட்டில் சிரித்திருக்கிறோம்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வசதியானவர், பழைய வண்டிகள் மேல் பைத்தியம். மூக்கு லாரி எங்காவது கிடந்தால் சொல்லுங்கள் என்றார். அவருக்கு ஒரே நிபந்தனை. வண்டி பளபளவென்று இருக்க வேண்டியதில்லை, ஆனால் அதன் உடம்பில் அதனுடையதே இருக்க வேண்டும். அதே இன்ஜின், அதே மரம், அதே விளக்கு. எவ்வளவு மிச்சமோ அவ்வளவு விலை. எனக்குப் பெரியப்பாவின் கொட்டகை நினைவுக்கு வந்தது. தயங்கித் தயங்கித்தான் போய்ச் சொன்னேன். பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தாள். நாம் போவதற்குள் அது போகட்டும் என்றாள். பெரியப்பா, "கட்டி இழுத்துட்டுப் போகப்பிடாது. ஓடித்தான் போகணும்" என்றார்.

அன்றுதான் நான் கொட்டகைக்குள் போய்ப் பழக்க தோஷத்தில் மட்கார்டைத் தட்டினேன். அடுத்த கணம் பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அத்தனை வயதானவருக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "கண்ணால பாருலே" என்றார்.

பிறகு வேலை தொடங்கியது. ராஜபாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார், ஒரு ஆசாரி வந்தார். இறுகிப்போன இன்ஜினுக்குள் டீசலை ஊற்றி ஊறப்போட்டு, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து அசைத்து இளக்கினார்கள். பானெட்டுக்குள்ளிருந்து அணில் கூடு ஒன்று வந்தது. உடைந்த ஹெட்லைட்டுக்கு ஜோடி தேடி நான் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தேன். சேஸிஸில் துருவைத் தேய்த்து, காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசி எண்ணை எடுத்தபோது ஒவ்வோர் இலக்கமும் தெளிவாக விழுந்தது. பெரியப்பாவின் பழைய ஆர்.சி. புத்தகத்தில் இருந்த அதே எண். என் தொழிலில் அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. இன்ஜின் முதன்முதலில் இருமிப் புகை கக்கி உயிர் பிடித்த அன்று மெக்கானிக் கூவினார், நானும் கூவினேன். பெரியப்பா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

மரவேலையில்தான் சண்டை வந்தது. கேபினும் பலகைகளும் அநேகமாகக் கெட்டியாகவே இருந்தன. இரண்டொன்றுதான் உளுத்திருந்தன. இடது பக்க முதல் பலகை எல்லாவற்றிலும் உறுதி. ஆனால் பெரியப்பா ஆசாரியிடம் அதைத்தான் கழற்றச் சொன்னார். கழற்றி, உடைத்து, அடுப்புக்குப் போடச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உளுத்ததை விட்டுவிட்டு நல்லதைப் பிடுங்குகிறீர்களே, வாங்குகிறவர் தேடுவதே இந்த மாதிரிக் கைபட்ட மரத்தைத்தானே, புதுப் பலகையைப் பார்த்தால் விலையில் கை வைப்பாரே என்று கத்தினேன். விலை போனால் போகட்டும் என்றார். ஆசாரி சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, பிறகு சொன்னார்.

"அன்னைக்கு இதுல தட்டுனது அவன் இல்லலே. உங்க பெரியம்மா."

தூக்குச்சட்டியை மறந்து வைத்துவிட்டுப் போகிறாரே என்று அவள் வாசலுக்கு ஓடி வந்திருக்கிறாள். தம்பி கேபினுக்குள் ஏறிவிட்டான் என்று நினைத்திருக்கிறாள். வண்டியை நிறுத்துவதற்காக, கைக்கு எட்டிய பலகையில் தட்டியிருக்கிறாள். இரண்டு தட்டு. கதவைத் தட்டுகிறவர்கள் யார்தான் ஒரே ஒரு தட்டோடு நிறுத்துகிறார்கள்? பெரியப்பாவின் காதில் அது கிளம்பு என்று விழுந்தது. காலை எடுத்தார். எடுத்த மறுகணம் இடது ஜன்னலுக்குக் கீழே தூக்குச்சட்டியோடு நின்ற மனைவியைப் பார்த்தார். அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டதாம்.

பெரியம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. தெரியவும் கூடாது. அவனைத் தூக்கி வளத்த கை அது. கொன்னது நான்தான்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேரட்டும். அதை நான் தாங்கிக்கிடுவேன். அந்தப் பலகை மட்டும் ஊர் ஊராப் போயி எவன் கையாலயும் தட்டுப்படப்பிடாது."

எனக்கு அழுகை வந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குத் தட்டுச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை தடவை இரண்டு தட்டுத் தட்டுகிறாள் என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். குழம்புக் கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு. பாயை உதறிச் சுவரில் இரண்டு தட்டு. பால் கறந்ததும் பசுவின் முதுகில் இரண்டு தட்டு. ஒவ்வொன்றுக்கும் பெரியப்பாவின் தோள் ஓர் இழையளவு குறுகும். பஸ் விசிலுக்குப் பயந்து சைக்கிள் மிதித்தவர், இதற்குப் பயந்து எங்கே போவார்? கிளாஸைக் கீழே வைக்கும்போதுகூட நான் ஜாக்கிரதையானேன். எந்த நேரத்தில் யார் வாயிலிருந்து என்ன வந்து அவள் தலையில் விழுமோ என்று, அங்கே போகவே கால் கூசியது.

பலகை மாறியது. கோயம்புத்தூர்க்காரர் வந்து பார்த்தார். எதிர்பார்த்தபடி புதுப் பலகையைக் கண்டுபிடித்து முகத்தைச் சுளித்தார், ஆனாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வண்டி போகிற நாள் காலையில் பெரியம்மா மலைப் பெருமாளிடமிருந்து துளசி மாலை வாங்கி வந்து மூக்கில் சாத்தினாள். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். கொட்டகையிலிருந்து வாசல் மேட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்து, பழையபடி மூக்கை மெயின்ரோட்டுக்குக் காட்டி, கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து டிரைவரும் கிளீனரும் வந்திருந்தார்கள். மெயின்ரோடு வரைக்கும் நானே ஓட்டுகிறேன் என்று பெரியப்பா சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தடுக்கவும் முடியவில்லை. நான் அவர் பக்கத்தில், இடது ஜன்னலோரம் ஏறிக்கொண்டேன். ஏறும் முன் அவர் அந்தக் கிளீனரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பலகையைத் தட்டக் கூடாது. கட்டையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து, என் கண்ணில் பட்டு, வாயால் சொல்ல வேண்டும். பெரியவர் ஏதோ சாத்திரம் பார்க்கிறார் என்று நினைத்து அவன் தலையாட்டினான்.

இன்ஜின் ஓடியது. கிளீனர் பின்னால் போய்க் குனிந்தான். கோயம்புத்தூர்க்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தையில் மாடு பிடித்தவர் அதன் முதுகில் தட்டுவதுபோல, ஜன்னலுக்குக் கீழே நின்றபடி, இடது பக்கம் மாற்றிப் போட்ட முதல் பலகையில் தட்டினார். இரண்டு தட்டு.

பெரியப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அவர் அங்கே இல்லை. ஆனால் கால் பிரேக்கிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. வாய்க்கு வந்த சத்தம் எனக்கு வெளியே வரவில்லை. வண்டி லேசாக முனகிப் பின்னால் சாயத் தொடங்கியதும், அதே பலகையில் ஓர் அடி விழுந்தது. ஒன்றே ஒன்று. கேபினே அதிர்ந்தது. பெரியப்பாவின் கால் பிரேக்கில் இறங்கியது, வண்டி நின்றது. சற்று நேரத்தில் கிளீனர் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, தூசியைத் தட்டிவிட்டபடி முன்னால் வந்து போகலாம் என்றான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். பெரியம்மா பலகையின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். கோயம்புத்தூர்க்காரர் என்ன தப்புச் செய்தோம் என்று விளங்காமல் ஒதுங்கி நின்றார்.

மறுபடி கட்டையை வைக்கச் சொல்லிவிட்டுப் பெரியப்பா இறங்கினார். சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருவதற்கு அவருக்கு வெகுநேரம் ஆனது. பெரியம்மா அவரைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஒண்ணு தட்டுனா நிக்கணும். அன்னைக்கு எனக்கு அது தெரியாது. அவன் காரியம் முடிஞ்ச கையோட ஒரு கிளீனர்ப் பயலக் கூப்ட்டுக் கேட்டேன்."

"அப்பமேவா?" என்றார் பெரியப்பா.

"எனக்காவத்தானே சுமந்தீய. எறக்கி வைங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. சொன்னா நானில்லா சுமக்கணும்."

அவர் மறுபடி கேபினில் ஏறவில்லை. கோயம்புத்தூர் டிரைவரே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மேட்டில் ஏறி, மூக்கைத் திருப்பி, அது மறைந்த பிறகும் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். ஆளுக்கொரு பக்கம், நடுவில் லாரி நிற்கிற அளவு இடம் விட்டு. பாரம் இறங்கிவிட்டது, இனி நிம்மதியாக இருப்பார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அப்படியெல்லாம் இல்லை. மணி கதவிலேயே தொங்கியது. அவர் சைக்கிளிலேயே போனார். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மறைத்ததை அதற்கப்புறம் தெரிந்தே பொத்தி வைத்துக்கொண்டார்கள். அந்த மணியைப் பெரியம்மா அவருக்காகத்தான் கட்டினாளா, தனக்காகக் கட்டினாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

சில வருடங்கள் கழித்துப் பெரியப்பா இறந்தார். அதே மேட்டில்தான் சவ வண்டி நின்றது. உடலை ஏற்றினோம். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். பெரியம்மாவோ வண்டியின் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். டிரைவர் யாராவது சொல்லட்டும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவள் கை மேலே எழும்பியது. சுற்றி நின்றவர்களில் என் ஒருவனுக்குத்தான் மூச்சு நின்றது. கை அப்படியே கீழே இறங்கியது. அவள் வண்டிக்கு முன்னால் போய், டிரைவரின் கண்ணில் படும்படி நின்று, வாயால் சொன்னாள்: "எல்லாரும் வெலகிட்டாவ. போகலாம்."

காரியம் முடிந்து நான் கிளம்பும்போது, கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்குச் சுற்றிய ஒன்றை இழுத்துக் கொடுத்தாள். அடுப்புக்குப் போகவிருந்ததை ஆசாரியிடம் கேட்டு வாங்கி, பெரியப்பா படுத்த கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்திருக்கிறாள். "நீ வச்சுக்கய்யா. யாரும் தட்டாமப் பாத்துக்க" என்றாள். அவளும் இப்போது இல்லை.

என் வீட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப். ஆள் ஏறி முடிந்ததும் கண்டக்டர் இரண்டு விசில் கொடுப்பார். அது கேட்கும்போதெல்லாம் என் கண் பலகைக்குப் போய்விடும். எத்தனையோ வண்டிகளுக்கு மதிப்புப் போட்டிருக்கிறேன், இதற்கு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் வழுவழுப்பாக இருக்கிற இடம் மாமாவின் உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது. அன்றைக்கு அவர் அக்காவின் கை விழுந்ததும் அங்கேதான். வீட்டில் யாரும் இல்லாதபோது அதன்மேல் என் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். வைப்பதோடு சரி.